தெற்கத்திக் குதிரையும் வடக்கத்திக் குளிரும்

கோபன்ஹேகன் நகரில் அமாலியன்போர்க் என்று ஓர் எண்கோணச் சதுக்கம் இருக்கிறது. நான்கு பக்கமும் நான்கு அரண்மனைகள். நடுவில் டென்மார்க் மன்னர் ஐந்தாம் ஃப்ரெடரிக் வெண்கலக் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். ஜாக் சாலி என்ற பிரெஞ்சுச் சிற்பி 1753இல் இதற்காகவே கோபன்ஹேகன் வந்தார். அரச லாயத்துக் குதிரைகளை வருஷக்கணக்கில் பார்த்து, அளந்து, வரைந்து, வார்த்து முடித்து சிலையைத் திறந்தபோது 1771 ஆகிவிட்டது. மன்னர் இறந்தே 5 வருஷம் ஆகியிருந்தது.

செலவை ஏற்றுக்கொண்டது டேனிஷ் ஏசியாட்டிக் கம்பெனி. இந்தப் பெயர் நமக்கு அவ்வளவு அந்நியமானதில்லை. அந்தக் காலத்தில் நம்ம தரங்கம்பாடியை நிர்வகித்துக்கொண்டிருந்தது இதே கம்பெனிதான். கம்பெனிக்குப் பெரிய லாபம் சீனத் தேயிலையில். அதோடு சோழமண்டலக் கரையின் துணி வியாபாரமும் இருந்தது. அந்த வெண்கலத்தில் நம்ம ஊர் நெசவாளியின் உழைப்பு எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் கொஞ்சமாவது இருக்கிறது.

எனக்கு அந்தச் சிலையில் மன்னரைவிட குதிரைதான் முக்கியம். வில் மாதிரி வளைந்த கழுத்து, லேசாகக் குவிந்த மூக்கு, குட்டையான முதுகு, உருண்ட பின்புறம். லுசிட்டானோ குதிரையைப் படத்திலாவது பார்த்த எவருக்கும் உடனே ஜாடை தெரியும். போர்ச்சுகல், ஸ்பெயின் வெயிலில் உருவான உடல் அது. டிசம்பரில் 7 மணி நேரம்தான் பகல் என்கிற ஊரில் அதற்கு என்ன வேலை? யார் கொண்டுபோனார்கள்? அங்கே எப்படி உயிர் பிழைத்தது? பிழைத்ததா?

கடைசிக் கேள்விக்குப் பதில் கொஞ்சம் வினோதமானது. பிழைத்தது. நன்றாகவே பிழைத்தது. பிறகு அழிந்தது. அழித்தது குளிர் இல்லை.

வெயிலின் பிள்ளை

லுசிட்டானோ என்ற பெயர் பழையது மாதிரி ஒலிக்கும். ரோமானியர்கள் இன்றைய போர்ச்சுகலின் பெரும்பகுதியை லுசிட்டானியா என்றார்கள், அதிலிருந்து வந்தது. ஆனால் குதிரைக்கு அந்தப் பெயரைத் தனியாக வைத்தது 1960களில்தான். அதுவரை போர்ச்சுகல் குதிரையும் ஸ்பெயின் குதிரையும் ஒரே இனமாகக் கருதப்பட்டன. 1966இல் பிரித்தார்கள், அதைத் தொடர்ந்து போர்ச்சுகல் தனக்கென்று ஒரு வம்சப் பதிவேட்டைத் திறந்தது. மென்பொருள்காரர்களுக்குப் புரிகிற பாஷையில் சொன்னால், ஒரே களஞ்சியம் இரண்டாக ஃபோர்க் ஆனது. எனவே 16ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் ‘ஸ்பானியக் குதிரை’ என்று வருவதை, லுசிட்டானோவுக்கும் அண்டலூசியனுக்கும் பொதுவான பாட்டன் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதன் சொந்த மண்களில் ஒன்று போர்ச்சுகலின் அலென்டேஜு பகுதி. கார்க் மரமும் ஆலிவும் நிற்கிற அலையலையான சமவெளி. கோடையில் 40 டிகிரி சர்வசாதாரணம். மழை பெய்வது குளிர்காலத்தில். அதனால் புல் பச்சையாக இருப்பது குளிர்காலத்திலும் இளவேனிலிலும். ஜூன் வந்தால் நிலம் காய்ந்து பழுப்பாகிவிடும். அங்கே பஞ்சகாலம் என்றால் கோடை.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். இந்தக் குதிரையின் உடம்பு எழுதப்பட்டிருப்பது ‘கோடையில் பட்டினி, குளிரில் பசுமை’ என்ற நாட்காட்டியின்படி. வடக்கே போனால் நாட்காட்டி தலைகீழ்.

18 வருஷம், மூன்று பண்ணைகள்

16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மன்னருக்கு ஸ்பானியக் குதிரை ஒரு கௌரவப் பிரச்சினை. துப்பாக்கி வந்துவிட்டது. கவசம் போட்ட கனத்த வீரனைச் சுமக்கும் பெரிய குதிரைக்கு மவுசு போய்விட்டது. நின்ற இடத்தில் சுழலும், பின்னங்கால்களில் எடையை வாங்கிக்கொண்டு முன்பக்கத்தைத் தூக்கும், சவாரி செய்பவரின் விரலசைவுக்கு பதில் சொல்லும் குதிரைதான் இப்போது வேண்டும். அந்த வித்தைக்குப் பொருந்திய உடல் ஐபீரியக் குதிரையிடம் இருந்தது. போரில் அது எவ்வளவு பயன்பட்டது என்பது வேறு விஷயம். அரசவை விழாவில், ஓவியத்தில், அண்டை நாட்டு மன்னர் விருந்துக்கு வரும் நாளில் அது கட்டாயம் வேண்டும்.

டென்மார்க்கின் இரண்டாம் ஃப்ரெடரிக் 1560இல் ஹெர்லுஃப் ட்ரோல என்ற பிரபுவிடம் நிலமாற்று செய்துகொண்டு ஒரு பண்ணை வீட்டை வாங்கி, தன் பெயரையே அதற்கு வைத்தார்: ஃப்ரெடெரிக்ஸ்போர்க். 1562இல் அங்கே அரசக் குதிரைப் பண்ணை தொடங்கியது. 1536இல் டென்மார்க் மதச் சீர்திருத்தத்துக்கு மாறியபோது மடங்களின் நிலமெல்லாம் அரசருக்கு வந்திருந்தது, ஆகவே மேய்ச்சலுக்குக் குறைவில்லை. ஸ்பெயினிலிருந்து குதிரைகள் வந்தன. பிறகு, ஸ்பானிய ரத்தம் ஏற்கெனவே கலந்திருந்த நேப்பிள்ஸ் குதிரைகளும் வந்தன. (தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ் கோட்டை எழுந்தது இந்த ஃப்ரெடரிக்கின் மகன் நான்காம் கிறிஸ்டியனின் ஆட்சியில்.)

1579இல் இரண்டாம் ருடால்ஃப் பேரரசர் பொஹீமியாவில், எல்ப நதிக்கரையில், கிளாட்ருபி பண்ணைக்கு அரசப் பண்ணை என்ற அந்தஸ்தைக் கொடுத்தார். அடுத்த வருஷமே, 1580இல், அவருடைய சித்தப்பா ஆர்ச்டியூக் சார்ல்ஸ் இன்றைய ஸ்லோவேனியாவின் சுண்ணாம்புக்கல் மேட்டில் லிப்பிட்சா பண்ணையை ஆரம்பித்தார். 18 வருஷத்துக்குள் மூன்று பெரிய பண்ணைகள். மூன்றுக்கும் விதை ஐபீரியக் குதிரை. மூன்றும் அதன் சொந்த ஊரைவிடக் குளிரான இடங்கள். லிப்பிட்சாவில் ‘போரா’ என்ற காற்று வீசும், மனிதர்களையே கீழே தள்ளக்கூடியது. கிளாட்ருபியில் நதியோரச் சமவெளியில் உறைபனி. ஃப்ரெடெரிக்ஸ்போர்கில் ஈரக்குளிர்.

வியன்னாவில் இன்றும் ‘ஸ்பானியச் சவாரிப் பள்ளி’ என்று ஒன்று இயங்குகிறது. ஸ்பெயினுக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம் குதிரை மட்டும்தான். அதன் கூடம் 1729 முதல் 1735 வரை கட்டப்பட்டது. வெள்ளைச் சுவர், தூண்கள், மேலே சரவிளக்கு என்று பார்த்தால் நடன மண்டபம் போல இருக்கும். கட்டடத்தின் பெயரைக் கவனியுங்கள்: ‘குளிர்காலச் சவாரிப் பள்ளி’. அலங்காரத்தை எல்லாம் உரித்துவிட்டுப் பார்த்தால் ஒரு பொறியியல் தீர்வுதான். தெற்கத்திக் குதிரைக்குத் தரை உறையாத ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான்.

குளிரில் ஒரு குதிரை எப்படி வாழ்கிறது

‘வெயில் நாட்டு விலங்கு, பாவம், விறைத்துப் போகும்’ என்றுதான் நமக்கு முதலில் தோன்றும். உண்மை வேறு.

முதலில் ரோமம். குளிர்கால ரோமம் வளர்வதற்கு முக்கியச் சமிக்ஞை வெப்பநிலை இல்லை, பகலின் நீளம். பகல் குறைய ஆரம்பித்ததும், வெளியே இன்னும் கதகதப்பு இருக்கும்போதே, தோலுக்குத் தகவல் போய்விடும். தென் போர்ச்சுகலில் டிசம்பர் பகல் சுமார் 9½ மணி நேரம், கோபன்ஹேகனில் 7. தெற்கிலிருந்து போன குதிரைக்கு வடக்கின் வானம் இன்னும் அழுத்தமாகச் சொல்கிறது: ‘போர்த்திக்கொள்’. லுசிட்டானோவின் தோல் மெல்லியது, ரோமம் பட்டுப் போன்றது என்பதெல்லாம் சரிதான். ஆனாலும் வெளியில் விட்டுப் பழக்கினால் அதுவும் குளிர்கால ரோமம் வளர்த்துக்கொள்ளும். நன்கு பழகிய, வயிறு நிறைந்த, ரோமம் அடர்ந்த வளர்ந்த குதிரை மைனஸ் 15 டிகிரி வரைகூட கூடுதல் சக்தி செலவழிக்காமல் உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ளும். பழகாத குதிரைக்கு அந்த எல்லை பிளஸ் 5 பக்கத்திலேயே வந்துவிடும். ஒரே உடல்தான், அக்டோபரில் வந்து இறங்கினால் ஒரு விதி, ஏப்ரலில் வந்து இறங்கினால் வேறு விதி.

உலர்ந்த பனியைவிட மழையும் காற்றும் சேர்ந்து வருவது மோசம். ரோமங்கள் நிமிர்ந்து நின்று இடையில் காற்றைப் பிடித்து வைப்பதால்தான் சூடு தங்குகிறது. நனைந்து படிந்துவிட்டால் அந்தக் காற்று போச்சு. டென்மார்க்கில் பனியைவிட ஈரம்தான் அதிகம். அதனால் அங்கே முதல் தேவை, காற்றைத் தடுக்கிற ஒரு சுவரும் மேலே ஒரு கூரையும். நான்கு பக்கமும் அடைத்த அறை தேவையில்லை.

அப்புறம் அடுப்பு. குதிரைக்கு உள்ளேயே ஒரு அடுப்பு இருக்கிறது. அதன் பெருங்குடலில் நுண்ணுயிர்கள் நார்ச்சத்தை நொதிக்கவைக்கும்போது வெப்பம் உண்டாகிறது. தானியத்தைவிட உலர்ந்த புல் இதற்குச் சிறந்த விறகு. குளிர் கூடினால் ஓட்ஸைக் கூட்டுவதில்லை, புல்லைத்தான் கூட்ட வேண்டும். கணக்குப் போடுவோம். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளைக்கு சுமார் 10 கிலோ உலர்புல். மேய்ச்சல் இல்லாத 6 மாதத்துக்கு 1800 கிலோ. 100 குதிரைக்கு 180 டன். இயந்திரம் இல்லாத காலத்தில் இதை முழுக்க அரிவாளால் அறுத்து, மழைக்கு நடுவே காயவைத்து, புரட்டி, வண்டியேற்றி, பரணில் அடைய வேண்டும். புல்லில் ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஃப்ரெடெரிக்ஸ்போர்கின் குதிரைகள் வடக்கு ஷேலாந்தின் காட்டுக்கும் மேய்ச்சலுக்கும் நடுவே, சுவர் எழுப்பிப் பிரித்த வெளிகளில் வளர்ந்தன. அந்தக் கற்சுவர்களின் மிச்சத்தை கிரிப்ஸ்கோவ் காட்டில் இன்றும் பார்க்கலாம். குதிரையின் புகழ் மன்னருக்கு. அந்தக் கல்லைச் சுமந்தவரும் புல்லை அறுத்தவரும் குடியானவர்கள்.

மூன்றாவது தண்ணீர். குளிரில் செத்துப்போகிற குதிரை பல சமயம் தாகத்தால்தான் சாகிறது. தொட்டி உறைந்திருக்கும், அல்லது நீர் மிகச் சில்லென்று இருக்கும். குதிரை குறைவாகக் குடிக்கும். வயிற்றில் காய்ந்த புல் மட்டும் சேர்ந்துகொண்டே போகும். குடல் அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் வயிற்று வலி அதற்கு நேரடியாக உயிர்ப் பிரச்சினை. காலையில் பனிக்கட்டியை உடைத்து விடுகிற லாயக்காரன்தான் அங்கே மருத்துவன்.

நான்காவதுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது: நாட்காட்டி. பெட்டைக் குதிரை பகல் நீளும்போதுதான் பருவத்துக்கு வரும். சினைக்காலம் சுமார் 11 மாதம். ஆக, இந்த வசந்தத்தில் கூடினால் அடுத்த வசந்தத்தில் குட்டி. அலென்டேஜுவில் பிப்ரவரிக் குட்டி புத்திசாலிக் குட்டி. புல் தழைத்திருக்கும், தாய்க்குப் பால் ஊறும், கோடைப் பஞ்சம் வருவதற்குள் குட்டி தேறிவிடும். அதே பிப்ரவரிக் குட்டி டென்மார்க்கில் விழுந்தால் இருட்டில், பனியில், ஈர உடம்போடு விழும். பெரிய குதிரைக்கு மைனஸ் 15 பிரச்சினை இல்லை; பிறந்த குட்டிக்கோ நமக்கு இதமான 20 டிகிரியே குளிர். வடக்கில் பருவம் இயல்பாகவே தாமதமாகத் தொடங்குவதால், ஏப்ரல் மே மாதக் குட்டிதான் அங்கே சரி.

இன்று விளக்கு போட்டு ஏமாற்றலாம். டிசம்பரிலிருந்து தினமும் 16 மணி நேரம் வெளிச்சம் காட்டினால் சுமார் 2 மாதத்தில் பெட்டைக்குப் பருவம் வந்துவிடும். ஆனால் உடம்புக்குள் ஓடுவது ஒரே கடிகாரம். ‘வசந்தம் வந்தாச்சு’ என்று கருப்பைக்குச் சொன்ன அதே விளக்கு தோலுக்கும் சொல்லிவிடும். பிப்ரவரியில், வெளியே உறைபனி இருக்கையில், ரோமம் கொட்டத் தொடங்கும். ஒரு பக்கத்தைத் திருத்தினால் இன்னொரு பக்கம் உடைகிறது. என் தொழிலில் இது தினசரி அனுபவம்.

தலைகீழ் நாட்காட்டியின் இன்னொரு விளைவு: வடக்கின் கோடைப் புல். பஞ்சத்துக்காகச் சேமிக்கக் கற்ற உடம்பு ஜூன் மாதத்து டேனிஷ் புல்வெளியில் வயிறு முட்டத் தின்னும். கொழுக்கும். கொழுத்தால் குளம்புக்குள் அழற்சி வரும், அது குதிரையை முடமாக்கிவிடும். குளிர்நாட்டில் லுசிட்டானோ வளர்க்கிறவர் ஜனவரியைவிட ஜூனில்தான் கவனமாக இருக்க வேண்டும் என்பது கேட்க விசித்திரம்தான். ஆனால் தர்க்கம் சரியாக இருக்கிறது.

இதெல்லாம் போக, மனிதன் தன் குளிரைக் குதிரைமேல் ஏற்றிப் பார்ப்பது ஒரு பழைய வியாதி. தனக்குக் குளிர்கிறது என்று லாயத்தின் எல்லா ஓட்டையையும் அடைப்பான். உள்ளே மூத்திரத்தின் அம்மோனியா, புல்லின் தூசு, பூஞ்சணம். குதிரைக்கு மூச்சு இழுக்கும். நார்வேயில் சில ஆராய்ச்சியாளர்கள் இதற்கு அழகான வழி கண்டுபிடித்தார்கள்: குதிரையிடமே கேட்டுவிடலாம். 23 குதிரைகளுக்கு மூன்று பலகைகளை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தார்கள். ஒன்று ‘போர்வை போடு’, ஒன்று ‘எடு’, ஒன்று ‘இப்படியே இருக்கட்டும்’. இரண்டே வாரத்தில் எல்லாம் கற்றுக்கொண்டன. மழையும் குளிர்காற்றும் உள்ள நாளில் போர்வை கேட்டன. வெயில் அடித்த நாளில் வேண்டாம் என்றன. 2016இல் வெளியான ஆய்வு. இத்தனை நூற்றாண்டு கழித்துத்தான் கேட்கத் தோன்றியிருக்கிறது.

குளிர் தாங்காத மனிதர்கள்

18ஆம் நூற்றாண்டில் ஃப்ரெடெரிக்ஸ்போர்க் குதிரை ஐரோப்பா முழுக்கப் பெயர் பெற்றுவிட்டது. 200 வருஷக் குளிர் அதை அழிக்கவில்லை. 1765இல் அங்கே புளூட்டோ என்ற வெள்ளை ஆண்குட்டி பிறந்தது. பின்னாளில் ஹாப்ஸ்பர்க் பேரரசுக்குப் போனது. லிப்பிட்சானர் இனத்தின் ஆறு மூல வம்சங்களில் ஒன்று இன்றும் அதன் பெயரில்தான் இருக்கிறது. 1773இல் பிறந்த மயெஸ்டோசோ, 1779இல் பிறந்த ஃபவோரி ஆகிய இன்னும் இரண்டு மூலவர்கள் கிளாட்ருபிக்காரர்கள். ஆறில் மூன்று பேர் வடக்கத்திப் பனியில் வளர்ந்தவர்கள்.

1808இல் ஸ்பெயின் மனிதர்களே டென்மார்க் வந்து சேர்ந்தார்கள். நெப்போலியன் தன் கூட்டாளி நாட்டுப் படையாக, மார்க்கேஸ் தெ லா ரொமானா தலைமையில், ஆயிரக்கணக்கான ஸ்பானிய வீரர்களை அங்கே அனுப்பியிருந்தார். மார்ச் மாதக் கடைசி. கோல்டிங் நகரத்துப் பழைய அரண்மனையில் ஒரு பகுதியினர் தங்கியிருந்தார்கள். குளிர் தாங்கவில்லை. கணப்பில் விறகைத் திணித்துக்கொண்டே இருந்தார்கள். புகைபோக்கி சூடேறி, தீ பரவி, அரண்மனை எரிந்தே போனது. தெற்கிலிருந்து வந்த குதிரைகள் 250 வருஷமாகத் தாங்கிய குளிரை தெற்கிலிருந்து வந்த மனிதர்களால் ஒரு பருவம் தாங்க முடியவில்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் அந்தப் பையன்களை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. யாருடைய போருக்கோ யாருடைய பனியிலோ கிடந்தவர்கள்.

அதே கோடையில் ஸ்பெயின் நெப்போலியனுக்கு எதிராக எழுந்தது. செய்தி கிடைத்ததும் லா ரொமானா பிரிட்டிஷ் கப்பல்களில் தன் வீரர்களை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினார். குதிரைகளுக்குக் கப்பலில் இடமில்லை. அவற்றைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

ஸ்பானியர்கள் விட்டுப்போன குதிரை என்று சொல்லப்படும் ஒரு பெட்டை, கைமாறிக் கைமாறி, ஃபிளேப என்ற கசாப்புக்காரரிடம் வந்தது. செம்பழுப்பு உடம்பில் வெள்ளையும் புள்ளிகளும். 1812இல் வில்லர்ஸ் லுன் என்பவர் அதை வாங்கித் தன் க்னாப்ஸ்ட்ரூப் பண்ணைக்குக் கொண்டுபோய், ஒரு ஃப்ரெடெரிக்ஸ்போர்க் ஆண்குதிரையோடு சேர்த்தார். இன்றைக்கு உலகம் முழுக்கத் தெரிந்த புள்ளிக் குதிரையான க்னாப்ஸ்ட்ரப்பர் அங்கேதான் தொடங்கியது. நாளைக்குக் கறியாகியிருக்க வேண்டிய ஒரு குதிரையிலிருந்து ஒரு இனம்.

கணக்குப் புத்தகமும் கத்தியும்

அப்படியானால் ஃப்ரெடெரிக்ஸ்போர்க் பண்ணை எப்படி அழிந்தது? பதில் கொஞ்சம் சலிப்பூட்டுவது: கணக்கு. குதிரைக்குப் பெயர் கூடக்கூட வெளிநாட்டிலிருந்து கேட்டார்கள். நல்லதை எல்லாம் விற்றார்கள், பரிசாகவும் கொடுத்தார்கள். விதைநெல்லை விற்றுவிட்டால் அடுத்த போகம் எப்படி விளையும்? கூடவே ரசனை மாறியது. இங்கிலாந்தின் பந்தயக் குதிரை வந்துவிட்டது. நின்று ஆடுகிற குதிரை பழையது, நேராக ஓடுகிற குதிரை புதியது. டென்மார்க்குக்கும் கெட்ட காலம். 1807இல் பிரிட்டிஷார் கோபன்ஹேகனைக் குண்டுவீசித் தாக்கினார்கள். 1813இல் அரசு திவால். 1814இல் நார்வே கையைவிட்டுப் போனது. 1839இல் அரசப் பண்ணையில் அந்தக் குதிரையைத் தூய இனமாகப் பெருக்குவது நின்றது. 1871இல் பண்ணையையே மூடினார்கள். நடுவில், 1845இல், தரங்கம்பாடியையும் வங்காளத்தின் செராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயக் கம்பெனிக்கு 12½ லட்சம் ரூபாய்க்கு விற்றார்கள். ஒரு சின்ன நாடு தன் பெரிய காலத்துப் பொருட்களை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தது. அந்தப் பட்டியலில் குதிரையும் ஒரு வரி, நம்ம ஊரும் ஒரு வரி.

கிளாட்ருபியின் கதை இன்னும் கசப்பு. 1757இல் தீப்பிடித்து வம்ச ஆவணங்கள் எல்லாம் எரிந்தன. அதற்குப் பிறகு பண்ணையை மறுபடி கட்டியெழுப்பினார்கள். அங்கே இரண்டு நிறம். வெள்ளைக் குதிரைகள் பேரரசரின் வண்டிக்கு. கறுப்புக் குதிரைகள் திருச்சபைப் பெரியவர்களின் வண்டிக்கும் சடங்குகளுக்கும். 1918இல் பேரரசு சரிந்து செக்கோஸ்லோவாகியா பிறந்தது. புதிய குடியரசின் கண்ணுக்கு அவை ஹாப்ஸ்பர்க் குதிரைகள். அடிமைக்காலத்தின் மிச்சம். கறுப்பு மந்தையைக் கலைத்தார்கள். 1930களில் பல கசாப்புக்குப் போயின. குதிரைக்கு அரசியல் தெரியாது. அது இழுத்த வண்டியில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதற்காகச் செத்தது.

1938இல் பேராசிரியர் ஃப்ரான்டிஷெக் பிலெக், மிஞ்சிய சில கறுப்புக் குதிரைகளைத் தேடிச் சேர்த்து, மறுபடி அந்த மந்தையை உருவாக்கத் தொடங்கினார். ஆனால் இத்தனை சிறிய எண்ணிக்கையிலிருந்து வளரும் இனத்துக்கு உள்ளுறவுக் கலப்பு ஒரு தீராத தலைவலி. வெளியிலிருந்து புது ரத்தம் வேண்டும், ஆனால் குதிரையின் குணம் மாறக் கூடாது. யாரிடம் கேட்பது? பாட்டன் வீட்டில்தான். 1968இல் பிறந்த ருடோல்ஃபோ என்ற லுசிட்டானோ ஆண்குதிரை அந்த இனத்துக்குள் கொண்டுவரப்பட்டது. இன்று கிளாட்ருபர் இனத்தின் வம்சங்களில் ஒன்றுக்கு ருடோல்ஃபோ என்றே பெயர். 400 வருஷத்துக்கு முன்னால் போன அதே பாதையில் மறுபடியும் ஒரு தெற்கத்திக் குதிரை. 2019இல் யுனெஸ்கோ கிளாட்ருபியின் மேய்ச்சல் நிலம், கால்வாய், மரவரிசை, லாயம் எல்லாவற்றையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

‘சரி, பாட்டன் வீட்டிலாவது குதிரை பத்திரமாக இருந்ததா?’ என்று கேட்கலாம். அதுவும் இல்லை. அலென்டேஜுவில் ஆல்ட்டர் ரியால் பண்ணையை போர்ச்சுகல் அரச குடும்பம் 1748இல் தொடங்கியது. நெப்போலியன் படையெடுப்பில் அது சூறையாடப்பட்டது. பிறகு அரபு, ஆங்கிலம், நார்மன் என்று ஆளுக்கொரு ரத்தத்தைக் கலந்து குணத்தையே கெடுத்தார்கள். 1910இல் மன்னராட்சி முடிந்ததும் பண்ணை கிட்டத்தட்ட ஒழிந்தது. ருய் தாந்த்ராத என்பவர் ஒரு கைப்பிடி குதிரைகளை மீட்டுக் காப்பாற்றி வைத்திருந்து, 1940களில் அரசிடம் ஒப்படைத்தார். இதமான வெயில், சொந்த மண், பழகிய புல் எல்லாம் இருந்தும் வடக்கில் நடந்ததுதான் அங்கேயும் நடந்தது.

பிறந்த ஊர்

இன்று லுசிட்டானோ ஸ்வீடனிலும் ஜெர்மனியிலும் கனடாவிலும் பிறக்கிறது. போர்ச்சுகல் சங்கத்தின் பதிவேடு குட்டி எங்கே பிறந்தது என்று பார்ப்பதில்லை. தாய் தந்தை யார் என்று மரபணுவில் சரிபார்க்கிறது. குட்டிகளுக்கு ஒரு ஏடு. வளர்ந்து, நடுவர்கள் பார்த்து மதிப்பெண் போட்டுத் தேறினால்தான் இனப்பெருக்கத்துக்கான இன்னொரு ஏடு. பனியில் பிறந்த குட்டி அதனால் குறைந்த லுசிட்டானோ ஆகிவிடாது.

ஆனால் ஏட்டில் எழுத முடியாத ஒன்றும் இருக்கிறது. ஒரு இடத்தில் 20 தலைமுறை தேர்ந்தெடுத்து வளர்த்தால், அந்த இடம் குதிரைக்குள் இறங்கிவிடும். கிளாட்ருபியில் அது உயரமாகி வண்டிக் குதிரையானது. லிப்பிட்சாவில் குட்டையாக, கல்தரைக்கு ஏற்ற உறுதியான கால்களோடு தனி இனமானது. போன இடத்திலெல்லாம் அது வேறொன்றாக ஆனது. அப்படி ஆனதால்தான் இருந்தது. இன்று ஸ்வீடனில் லுசிட்டானோ வளர்ப்பவருக்கு இது ஒரு உண்மையான தேர்வு. ரோமம் அடர்ந்த, குளிர் தாங்கும் குட்டிகளையே தொடர்ந்து தேர்ந்தெடுத்தால் 100 வருஷத்தில் அது லுசிட்டானோவாக இருக்காது. லிஸ்பன் நடுவருக்குப் பிடித்த வடிவத்தையே தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு குளிர்காலமும் போர்வையும் விளக்கும் சூடான தண்ணீரும் கொண்டு அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். யாராவது ஒருவர் ஒரு வருஷம் கைவிட்டால் போதும்.

நான் பிழைப்பது மென்பொருளில். அங்கே ஒரு பாலபாடம் உண்டு: பிரதி ஒரே இடத்தில் இருந்தால் அது பிரதியே இல்லை. ஃப்ரெடெரிக்ஸ்போர்கை அழித்த காரணங்களில் ஒன்று, நல்ல குதிரைகளை வெளியே கொடுத்தது. அப்படி வெளியே போனதால்தான் புளூட்டோவின் ரத்தம் இன்றும் உயிரோடு இருக்கிறது. 1915இல் போர் நெருங்கியபோது லிப்பிட்சாவின் குதிரைகளில் ஒரு பகுதிக்கு அடைக்கலம் கொடுத்தது கிளாட்ருபி. கிளாட்ருபிக்கு ரத்தம் வற்றியபோது போர்ச்சுகல் ரத்தம் உதவியது. யாரும் திட்டமிட்டுச் செய்த ஏற்பாடு இல்லை. மன்னர்கள் ஜம்பத்துக்காகப் பரப்பிய குதிரை, ஒவ்வொரு ஊரிலும் ஒருமுறை அழியப் பார்த்து, இன்னொரு ஊரில் மிஞ்சியிருந்ததால் தப்பியது.

டென்மார்க்கில் ஃப்ரெடெரிக்ஸ்போர்க் குதிரை இன்றும் சிலரிடம் இருக்கிறது. நாட்டின் பழைய இனங்களில் அழியும் நிலையில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. பின்னாளில் வேறு இனங்களும் கலந்துவிட்டதால், சாலி அளந்து வரைந்த குதிரைக்கும் இதற்கும் தூரம் அதிகம். அமாலியன்போர்க் சதுக்கத்தில் சுற்றுலாப் பயணிகள் காவலர் மாறுவதைப் பார்க்க வந்து நிற்கிறார்கள். பின்னணியில் அந்த வெண்கலக் குதிரை, முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி. தரங்கம்பாடிக்காரர் யாராவது அந்தப் பக்கம் போக நேர்ந்தால், மன்னரை விடுங்கள், குதிரையைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். நம்ம காசும் அதில் கொஞ்சம் இருக்கு.